கரண்ட் ஒயரில் இன்டர்நெட்: எங்கெல்லாம் சொதப்புகிறோம்?

மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை, சுவரைக் குடைந்து லேன் கேபிள் இழுக்கவும் மனசில்லை என்றால் பலரும் கடைசியில் வந்து நிற்பது பவர்லைன் அடாப்டரில்தான். ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் செருகி லேன் கேபிளால் இணைக்க வேண்டும். இன்னொன்றை மாடியில் செருக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடுகிற அதே ஒயரில், 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே டேட்டாவும் ஏறிப் போகும். "செருகினா போதும் சார்" என்பார் கடைக்காரர். அது பாதி உண்மை. எந்த ஓட்டையில் செருகுகிறோம் என்பதில்தான் மீதி இருக்கிறது.

அதிகம் பேர் செய்யும் தவறு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது. டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் எல்லாம் ஒரே ஸ்பைக் பஸ்டரில் தொங்கும். காலியாக இருக்கிற ஓட்டையில் இதையும் சொருகிவிடுவோம். பல ஸ்பைக் பஸ்டர்களுக்குள் ஃபில்டர் இருக்கிறது. உயர் அதிர்வெண் இரைச்சலை வடிகட்டுவதுதான் அதன் வேலை. நம் டேட்டாவும் அதன் கணக்கில் இரைச்சல்தான்! யூபிஎஸ்ஸும் அப்படியே. நேராகச் சுவர் பாயிண்டில் செருகுங்கள். இருப்பதே ஒரு பாயிண்ட்தான் என்றால், முகப்பில் சாக்கெட் உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்கி, ஸ்பைக் பஸ்டரை அந்தச் சாக்கெட்டில் மாட்டலாம்.

மூன்று பின்னையும் விடாதீர்கள். புதிய தலைமுறை அடாப்டர்களில் சில, ஃபேஸ், நியூட்ரலோடு எர்த் ஒயரையும் டேட்டாவுக்குப் பயன்படுத்துகின்றன. இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டாலோ, பாயிண்டில் எர்த் பேருக்கு மட்டும் இருந்தாலோ அந்தப் பலன் போச்சு.

அடுத்தது, "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே" ரகம். த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறொரு ஃபேஸிலும் இருக்கலாம். அப்போது மீட்டர் போர்டு பக்கம் ஒயர்கள் ஒட்டி ஓடும் இடத்தில் கசிகிற சிக்னல்தான் அடுத்த ஃபேஸுக்குப் போய்ச் சேரும். சில வீடுகளில் அதுவே போதும், சிலவற்றில் லிங்க் லைட் எரிவதே அபூர்வம். இதில் நம் ஊர்க் கூத்து ஒன்று உண்டு. ஒரு ஃபேஸ் போனதும் யாராவது போய், எந்த ஃபேஸிலிருந்து கரண்ட் எடுப்பது என்று மாற்றுகிற செலக்டர் சுவிட்சைத் திருப்பிவிடுவார்கள். ஃபேனும் லைட்டும் வந்துவிடும், மாடியில் நெட் மட்டும் செத்திருக்கும். பழியெல்லாம் ரவுட்டர் தலையில் விழும்.

இன்வெர்ட்டர் வீட்டில் இதே கதை வேறு மாதிரி. இன்வெர்ட்டர் லைனில் ஒரு அடாப்டர், நேரடி இபி லைனில் இன்னொன்று என்று வைத்தால், இடையில் உள்ள இன்வெர்ட்டர் சிக்னலை உறிஞ்சிவிடலாம். கரண்ட் போனால் ஒரு பக்கம் எப்படியும் அணைந்துவிடும். இரண்டையும் ஒரே லைனில் வையுங்கள். எது எந்த லைன் என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். போர்டை நீங்களே திறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் தினமும் காலை எட்டு மணிக்கு வீடியோ கால் உறைந்துபோகும். சர்வீஸ்காரரிடம் சண்டை போடாத குறை. ஒருநாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும் சத்தம் நின்றதும் கால் மறுபடி ஓடியதைக் கவனித்தபோதுதான் புரிந்தது. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசித் தீப்பொறி பறக்கும்போது ஒயர் முழுக்க இரைச்சல். கிரைண்டர் அரைத்தால் ஒன்றும் ஆகாது, அதன் மோட்டாரில் பிரஷ் கிடையாது. மலிவான மொபைல் சார்ஜரும் எல்இடி பல்பும்கூட இந்த வேலையைச் செய்யும். சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

அட்டையில் 600 என்று இருந்தால் 600 எம்பிபிஎஸ் வரும் என்று நம்ப வேண்டாம். அது ஏட்டுக் கணக்கு. அப்படி அச்சிட்ட பல அடாப்டர்களில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். போதாததற்கு ஒரே ஒயரைப் போகிற டேட்டாவும் வருகிற டேட்டாவும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வாங்கியதும் இரண்டையும் ஒரே அறையில் இரண்டு சுவர் பாயிண்டுகளில் வைத்து வேகம் பாருங்கள், அப்புறம் மாடிக்குக் கொண்டு போங்கள். எவ்வளவு குறைகிறதோ, அது உங்கள் வீட்டு ஒயரிங்கின் கணக்கு.

கடைசியாக, அடாப்டர்களை ஜோடி சேர்க்கும் 'பேர்' (Pair) பட்டன். ஹோம்பிளக் ஏவி (பவர்லைன் அடாப்டர்களுக்கான ஒரு பொதுத் தரம்) வகை அடாப்டர்கள் டேட்டாவை 128 பிட் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டுகின்றன. ஆனால் பெட்டியிலிருந்து வரும்போது பலவற்றுக்கும் ஒரே பொதுச் சாவிதான். ஃபிளாட்டில் இது வம்பு; மீட்டரோடு சிக்னல் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது, பக்கத்து வீட்டு அடாப்டர் உங்கள் நெட்வொர்க்கில் வந்து உட்காரலாம். இரண்டு அடாப்டரிலும் பட்டனை அழுத்தி ஜோடி சேர்த்தால் புதுச் சாவி உருவாகும். அதே பில்டிங்கில் யாருக்காவது பழைய அடாப்டரைக் கொடுப்பதாக இருந்தால் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் சாவி அதற்குள்ளேயே இருக்கும்.