வலியோடு இருக்கும் பிள்ளைகளுக்கு ஓவியப் பட்டறை: முதல்முறை நடத்துவோருக்கு

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து சில வாரம் கழித்து, அங்கே ஒரு கிராமத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னேன். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் தாள் முழுக்கக் கறுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "கடல் பொங்கி வந்துச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். நிமிராமலே சொன்னான்: "கடல் இல்லக்கா. கரண்டு இல்ல."

கீழே இருப்பதில் பாதி அன்றைக்குக் கற்றது.

இது சிகிச்சை இல்லை. கலைவழிச் சிகிச்சை என்பது தனிப் படிப்பு. மனதில் கிடப்பதை இறக்கி வைக்கப் பிள்ளைக்கு ஓர் இடமும் கொஞ்ச நேரமும் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

படி 1: ஏற்பாடு

பெரியவர்கள் இருவர் என்றால் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். எட்டிப் பார்க்கும் கூட்டம் இல்லாத இடமாக இருக்கட்டும். பாய், பெரிய சார்ட் தாள், கிரேயான், பிசைந்த களிமண் போதும். அழிரப்பரைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். பாதி நேரம் அழிப்பதிலேயே போய்விடும். கறுப்பு கிரேயான் கூடுதலாக வாங்குங்கள்.

படி 2: கை பழகட்டும்

கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கச் சொல்லுங்கள். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கிறுக்கலுக்குள் தெரியும் உருவத்துக்குக் கண்ணும் வாலும் வைக்கச் சொல்லுங்கள். "எனக்கு வரைய வராது" என்று ஒதுங்கி நின்ற பிள்ளையும் பத்து நிமிடத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

படி 3: தலைப்பு

"புயலன்னிக்கு நடந்ததை வரை" என்று சொல்லவே கூடாது. "எங்க தெரு", "எனக்குப் பயமில்லாத இடம்" போதும். புயல் வர வேண்டுமானால் தானே வரும். அவசரமும் வேண்டாம். போர்க்காலத்தில், 1996இல் இலங்கையின் மட்டக்களப்பில், போரில் அடிபட்ட பிள்ளைகள் வரையவும் விளையாடவும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குத் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் மாதக்கணக்கில் சேர்ந்து வந்தார்கள். ஒருநாள் பட்டறையில் எல்லாம் ஆறிவிடும் என்று நினைத்தால் நமக்குத்தான் ஏமாற்றம்.

படி 4: நம் வாய்

கஷ்டமான படி இதுதான். "இது என்ன?", "ஏன் கறுப்பு?", "இது அப்பாவா?" எதுவும் வேண்டாம். "இதைப் பத்திச் சொல்றியாம்மா?" என்று ஒரு தடவை கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். "சூப்பர்!" என்பதும் ஆபத்து, பிள்ளை அடுத்த படத்தை உங்களுக்காக வரைய ஆரம்பித்துவிடும். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லலாம்: "இந்த மரத்தை ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கே." போட்டி, பரிசு கூடவே கூடாது.

கிழித்தால் கிழிக்கட்டும். களிமண்ணை ஓங்கி அடித்தால் அடிக்கட்டும். அழுதால் பக்கத்தில் உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள்.

படி 5: பெரிய விஷயம் வெளியே வந்தால்

யாரோ அடிப்பதாகவோ தப்பாகத் தொடுவதாகவோ பிள்ளை சொன்னால், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பாலியல் கொடுமை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது கட்டாயம். ஆனால் படத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். அந்தப் பையனின் கறுப்பைக் கடல் என்று நான் நினைத்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கமோ சாப்பாடோ பேச்சோ வாரக்கணக்கில் இல்லையென்றால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

படி 6: முடிப்பது

கடைசிக் கால் மணி நேரம் பாட்டும் சுண்டலும். அதற்குமுன் தாளின் பின்பக்கம் பெயரை எழுதச் சொல்லுங்கள். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமில் (இன்றைய செக் நாடு), பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் பெயர் எழுத வைப்பதில் பிடிவாதமாக இருந்தார். 1944இல் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த சுமார் 4,500 படங்கள் தப்பின. அந்தப் பெயர்களால்தான் பல படங்கள் எந்தப் பிள்ளை வரைந்தவை என்று இன்று தெரிகிறது.

படத்தை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போவதா, உங்களிடம் விட்டுப்போவதா என்று பிள்ளையையே கேளுங்கள். அந்தப் பையன் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்த கறுப்பு கிரேயான் துண்டையும் டவுசர் பையில் போட்டான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.