பாட்டின் பெயர் கேள்விக்குறியாகத் தெரிகிறதா?

ஜூக்பாக்ஸ் மென்பொருளில் (பாட்டுகளைப் பட்டியலிட்டு இசைக்கும் மென்பொருள்) தமிழ்ப் பாட்டின் பெயர் "?????" என்று வந்தால் கோப்பை அழித்துவிடாதீர்கள். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரே எம்பி3 கோப்பில், பாட்டின் பெயர் போன்ற விவரங்களைச் சொல்லும் குறிச்சொற்கள் இரண்டு வகையில் இருக்கலாம்: பழைய ஐடி3வி1, புதிய ஐடி3வி2. பழைய ஐடி3வி1, கோப்பின் கடைசி 128 பைட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலைப்புக்கு வெறும் 30 பைட், தமிழ் போன்ற எழுத்துகளைப் பதியும் யூனிகோடு முறையும் கிடையாது. தமிழ் அதில் எப்படி அடங்கும்? மென்பொருள் அதைப் படித்தால் கேள்விக்குறிதான் மிஞ்சும்.

குறிச்சொற்களைத் திருத்த உதவும் எம்பி3டேக் மென்பொருளின் அமைப்புகளில் ஐடி3வி1 நீக்கப்படவும், ஐடி3வி2.3 யூடிஎஃப்-16 என்ற யூனிகோடு முறையில் எழுதப்படவும் தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு பாட்டின் நகலில் சோதியுங்கள். எம்பி3டேக்கிலும் பெயர் கேள்விக்குறியாகவே இருந்தால், கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கலாம். அப்பா சேர்த்துவைத்த பாட்டுகளுக்கு நான் பொறுமையாக அதைத்தான் செய்தேன். பிறகு ஜூக்பாக்ஸில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய பெயரே தெரியும்.