பாஞ்சோவில் ஹார்ட் ராக்: காந்தாரத்தைக் கோட்டை விடாதீர்கள்

வட கரோலினாவில் நாங்கள் சனிக்கிழமைதோறும் கூடி வாசிப்போம். சென்ற வாரம் புதிதாக வந்த இரண்டு இளைஞர்கள் மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் பாட்டு ஒன்றை புளூகிராஸாக (பாஞ்சோ, மாண்டலின் போன்ற தந்தி வாத்தியங்களில் வாசிக்கும் அமெரிக்க நாட்டிசை) மாற்றி வாசித்துக் காட்டினார்கள். கை நன்றாகவே ஓடியது. ஆனால் பல வருஷங்களுக்கு முன் நான் செய்த அதே தவறை, அதே இடத்தில் செய்தார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. சுருதி சேர்ப்பது, தாளம் பிசகாமல் வாசிப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேஜரா மைனரா என்று பார்க்காமல் ரோல் போடுவது

ஹார்ட் ராக் கிடாரில் பெரும்பாலும் ஒலிப்பது பவர் கார்டு. நம் கணக்கில் சொன்னால் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரம் கிடையாது. கிட்டத்தட்ட தம்புரா மாதிரி. பாட்டு மேஜரா மைனரா, அதாவது அந்தர காந்தாரமா சாதாரண காந்தாரமா என்பதைக் குரலும் ரிஃபும்தான் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) முடிவு செய்யும்.

பாஞ்சோ அப்படியல்ல. வழக்கமான ஜி டியூனிங்கில் இடது கையை வைக்காமலே மீட்டினால் ஜி மேஜர் ஒலிக்கும். இரண்டாவது தந்தி பி, அதாவது ஜி-யைச் சட்ஜமாக வைத்தால் அந்தர காந்தாரம். பாஞ்சோ மேதை எர்ல் ஸ்க்ரக்ஸ் பாணி மூன்று விரல் ரோலில் (விரல்கள் மாறி மாறித் தந்திகளைச் சுண்டும் சுற்று) அந்தத் தந்தி ஓயாமல் அடிபடும். பாடுபவர் சாதாரண காந்தாரத்தைப் பிடிக்கும்போது பாஞ்சோ அரைச்சுரம் மேலே நின்று முட்டும்.

மெட்டாலிக்காவின் பழைய பாட்டுகள் பலவும் இ மைனர் பக்கம் இருப்பவை. அங்கேயே வாசித்தால் தப்பித்துக்கொள்ளலாம், ஏனென்றால் இ-க்கு பி பஞ்சமம். பாடுபவர் "எனக்கு ஏ மைனர்தான் வசதி" என்று சொல்லும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது. பழக்கத்தில் தந்திகளை ஒன்றாக அழுத்தும் கவ்வியான கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையின் கட்டம்) மாட்டி, ஐந்தாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டின் சின்ன ஆணியான ஸ்பைக்கில் செருகி, ஜி-யில் வாசிப்பது போலவே வாசிக்கத் தொடங்கிவிடுவோம். திறந்த தந்தியில் சி ஷார்ப் ஒலிக்கும். பாட்டு கேட்பதோ சி.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். இரண்டு நாள் ஸ்டுடியோ எடுத்திருந்தோம். முதல் நாள் மூன்று பாட்டுக்கு என் பாஞ்சோவைப் பதிவு செய்தோம். மறுநாள் எங்கள் பாடகி வந்தார். எத்தனை முறை பாடினாலும் சுருதி இறங்கியது போலவே கேட்டது. நாங்கள் எல்லோரும் அவரையே திருத்தினோம். மதியத்துக்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஒலிப்பதிவாளர் பாஞ்சோ ட்ராக்கை மட்டும் நிறுத்தி ஓடவிட்டார். குரல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மூன்று பாட்டுக்கும் பாஞ்சோவை மறுபடி வாசிக்க இன்னொரு நாள் வாடகை கொடுத்தேன். பணம் போனதைவிட, ஒரு நல்ல பாடகியை அரை நாள் தன் காதையே சந்தேகப்பட வைத்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

வழி இரண்டு உண்டு. ஒன்று, கேப்போவை ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோவது. அப்போது திறந்த தந்திகள் சி மேஜர். ஏ மைனருக்கு அந்தச் சுரங்கள் எல்லாமே பொருந்தும். இன்னொன்று, இரண்டாவது தந்தியை பி-யிலிருந்து சி-க்கு ஏற்றி, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டுவது. சாமில் டியூனிங் என்பார்கள். பழைய மலைநாட்டுப் பாட்டுகளுக்கு உரியது. அதில் காந்தாரமே இல்லை, அதனால் பவர் கார்டுக்கு மிக நெருக்கம். எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பாட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு. அந்தக் குழுவின் மால்கம் யங்கின் கிடார் பெரும்பாலும் ஏ, டி, ஜி என்று அகலமான மேஜர் கார்டுகளில் நிற்கும். பாஞ்சோவுக்கு அது சொந்த வீடு. 2001-இல் ஹேசீட் டிக்ஸி என்ற புளூகிராஸ் குழு வெளியிட்ட ஏசி/டிசி பாட்டு ஆல்பம் அவ்வளவு இயல்பாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆக, அதைக் கேட்டுப் பழகிய கையோடு மெட்டாலிக்காவுக்குப் போகாதீர்கள்.

எல்லாவற்றையும் விரட்டுவது

புளூகிராஸ் என்றாலே வேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெதுவான ராக் பாட்டை விரட்டினால் சொற்கள் வாயில் சிக்கும். வேகத்தைத் தொடாமல் நடையை மாற்றிப் பாருங்கள். புளூகிராஸ் முன்னோடி பில் மன்றோ 1946-இல் வால்ட்ஸாக (மூன்று தட்டு) பதிவு செய்த 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை 1954-இல் எல்விஸ் நாலு தட்டுக்கு மாற்றினார். அப்புறம் மன்றோவே மறுபடி பதிவு செய்தபோது வால்ட்ஸில் தொடங்கி நாலு தட்டுக்குத் தாவினார்.

டிரம்ஸ்

வேண்டாம். இரண்டாவது, நாலாவது தட்டுக்கு மாண்டலினின் 'சாப்' (சட்டென்று வெட்டி நிறுத்தும் அடி) போதும்.

வைக்கோல் தொப்பி, இழுத்துப் பேசும் உச்சரிப்பு

பட்டிக்காட்டான் வேஷம் கட்டத் தேவையில்லை. ஹேசீட் டிக்ஸியின் பெயரிலேயே சிரிப்பு இருக்கிறது (ஏசி/டிசி போல ஒலிக்கும், 'ஹேசீட்' என்றால் பட்டிக்காட்டான்), உண்மைதான். ஆனால் பிற்பாடு அந்தக் குழுவில் பாஞ்சோவும் மாண்டலினும் வாசித்தவர்கள் பழைய பாஞ்சோ மேதை டான் ரீனோவின் பிள்ளைகள்; வாசிப்பில் விளையாட்டே இல்லை. அலபாமாவின் அயர்ன் ஹார்ஸ் என்ற புளூகிராஸ் குழு 2003-இல் மெட்டாலிக்கா பாட்டுகளை எடுத்தபோது அந்தச் சிரிப்பும் இல்லை. குரல்களை அடுக்கி நேராகப் பாடினார்கள். சோகம் சோகமாகவே வந்தது.

உரிமம்

ஏற்கெனவே வெளியான பாட்டை மறுபடி பதிவு செய்ய அமெரிக்கச் சட்டம் கட்டாய உரிமம் (பதிப்புரிமையாளர் மறுக்க முடியாதது) தருகிறது. ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுக்கு, பிரதி ஒன்றுக்குக் கட்டணம் 2023-இல் 12 சென்டாக இருந்தது. உங்கள் பாணிக்கேற்ப வாத்திய அமைப்பை மாற்றலாம். அடிப்படை மெட்டையோ பாட்டின் இயல்பையோ மாற்றக் கூடாது. வரிகளை மாற்றி எழுத இந்த உரிமம் போதாது. வீடியோவுக்கும் போதாது, அதற்குப் பதிப்புரிமையாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும், அவர் மறுக்கலாம். படப்பிடிப்புக்கு ஆள் பிடிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.