கோச் வேலைக்கு விண்ணப்பித்தது ஊருக்கே தெரிந்துவிட்டது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி ஒருவன் ஸ்டேடியத்தின் கார் பார்க்கிங்கிலிருந்து போன் செய்தான். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். ஒரு கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் உதவிப் பயிற்சியாளர். “அண்ணா, என் அப்ளிகேஷன் பேப்பர்ல வந்துடுச்சு. ஹெட் கோச் பாத்துட்டார். உள்ள போகவே கால் வரல” என்றான். வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் காலியான வேலைக்குப் பத்து நாள் முன்புதான் விண்ணப்பித்திருந்தான்.

பல வருடங்களுக்கு முன்னால் இதேபோல ஒரு பார்க்கிங்கில் நானும் அரை மணி நேரம் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். கடந்த இரண்டு சீசன்களில் மட்டும் இப்படி மூன்று பேர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று பேரும் என்னைப் போலவே விண்ணப்பம் வெளியே போகாது என்று நம்பியிருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை, பழைய போன் நம்பர், போன விண்ணப்பத்தில் இருந்த பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றாமல் அனுப்புவது, இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது, அனுப்பிய விண்ணப்பம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி மட்டும்.

‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற சொல்லை நம்புவது

இன்றைக்கும் என்னால் ஆறிப்போக முடியாத தவறு இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் அப்போது ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் இருந்தேன். ஆட்ட வீடியோவை வெட்டி, பிரித்து, பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கிற வேலை. ஃப்ளோரிடாவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஹெட் கோச்சை அனுப்பிவிட்டது. கூடவே கீழே பல இடங்கள் காலி. எனக்கு ஏற்ற ஒரு இடமும் இருந்தது. மூன்று இரவு உட்கார்ந்து கவர் லெட்டர் எழுதினேன். மேலே தடித்த எழுத்தில் ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று போட்டேன். போட்டதும் மனம் லேசானது. உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று தோன்றியது. எழுதினேன்: மூன்றாவது டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஆட்டங்களை எல்லாம் திங்கட்கிழமையே தனியாகப் பிரித்துக் கொடுக்கிறேன், எங்கள் டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) பயிற்சியாளர்கள் வியாழக்கிழமை வரை அதைத் திறந்தே பார்ப்பதில்லை, என் உழைப்பை மதிக்கிற இடம் வேண்டும்.

அந்த வரி பொய்யில்லை. ஆனால் அதை எழுத அது இடமில்லை.

அரசு ஆவணத்தை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்கிற பொது ஆவணச் சட்டம் ஃப்ளோரிடாவில் 1909-லிருந்து இருக்கிறது. 1992-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அந்த உரிமையை மாநில அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அரசு. அதற்கு வந்த விண்ணப்பம் அரசு ஆவணம். கேட்கிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஏன் கேட்கிறார் என்று சொல்ல வேண்டியதில்லை, ஃப்ளோரிடாக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. நம் ஊர் ஆர்டிஐ மனுவை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது எவ்வளவு அகலத் திறந்த கதவு என்பது புரியாது. விண்ணப்பிக்கிறவர் தன் தாளில் என்ன முத்திரை குத்தினாலும், வாங்குகிற அலுவலர் ‘வெளியே போகாது’ என்று வாய் வார்த்தை கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. சட்டமன்றம் எழுதி வைத்த விலக்குகள் மட்டும்தான் செல்லும். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மறைத்துக் கொடுப்பார்கள். உங்கள் மனத்தாங்கலை மறைக்க அங்கே ஒரு பிரிவும் கிடையாது.

நான் இருந்தது தனியார் கல்லூரி. இந்தச் சட்டத்தின் வாசனையே எனக்குத் தெரியாது.

உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் எல்லா விண்ணப்பங்களையும் கேட்டு வாங்கி, ஒரே பிடிஎஃப்பாகத் தளத்தில் ஏற்றிவிட்டார். அவர் என்னைத் தேடவில்லை. பெரிய பெயர் ஏதாவது சிக்குமா என்று பார்த்தார். இன்னொன்றும் உண்டு. ஹெட் கோச் வேலை காலியானால், வீடியோ கேமில் கோப்பை வாங்கியதைத் தகுதியாகப் போட்டு ரசிகர்கள் மனு அனுப்புவார்கள். வாசகர்கள் அதை விரும்பிப் படிப்பார்கள். அதற்காகவே விண்ணப்பக் கட்டு முழுவதையும் கேட்கிற நிருபர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு மனுக்களுக்கு நடுவில் என் இரண்டு பக்கங்கள் கிடந்தன.

திங்கட்கிழமை ஹெட் கோச் கூப்பிட்டார். மேசையில் அந்தப் பக்கத்தின் பிரிண்ட். ‘வியாழக்கிழமை’ என்ற சொல்லைச் சுற்றி நீல மசியில் வட்டம். அவர் சத்தம் போடவில்லை. “இதை என்னிடம் சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அடுத்த அறையில், டிஃபென்ஸுக்குப் பொறுப்பான பயிற்சியாளர், டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர், இருந்தார். இரண்டு வருடமும் தேங்க்ஸ்கிவிங் அன்று நான் தனியாக இருப்பேன் என்று தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்ட மனிதர். கவரேஜ், அதாவது எதிரணி வீசும் பந்தைத் தடுக்க ஆட்களை நிறுத்தும் முறை, என்றால் என்ன என்று எனக்கு வரைந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலை சம்பந்தமாக மட்டும்தான் பேசினார். சில வாரங்களில், நாங்கள் சேர்க்க முயன்ற ஒரு பள்ளி மாணவனின் வீட்டில், போட்டிக் கல்லூரிக்காரர்கள் என் கடிதத்தைக் காட்டி ‘அங்கே டிஃபென்ஸ் இந்த லட்சணத்தில் இருக்கிறது’ என்று சொன்னதாகத் தெரிந்தது. ஜூன் 30-ல் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. விண்ணப்பித்த வேலையும் கிடைக்கவில்லை.

இதைத்தான் அந்த மூன்று பேரில் இரண்டு பேரிடம் பார்த்தேன். ஒருவன் தன் ஹெட் கோச்சின் ஆட்டத் திட்டத்தைக் குறை சொல்லியிருந்தான். இன்னொருவன் காயம்பட்ட ஒரு மாணவனின் பெயரைப் போட்டு, அவனைத் தான் எப்படித் தேற்றி எடுத்தேன் என்று நெகிழ்ந்து எழுதியிருந்தான். அந்த மாணவனிடம் யார் அனுமதி கேட்டது? இதைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. உங்கள் வேலை உங்கள் கவலை. மாணவனின் முழங்காலும் மனமும் பத்திரிகையில் வருவதற்கு அவன் என்ன செய்தான்?

நான் இப்போது சொல்வது எளிய வழி. கடிதத்தை முடித்ததும், இப்போதைய ஹெட் கோச், கூட வேலை பார்க்கிறவர்கள், மாணவர்கள், அவர்களின் அம்மா அப்பா எல்லோரும் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் குரல் இறங்குகிறதோ அதை வெட்டுங்கள். கட்டாயம் சொல்ல வேண்டிய சங்கதி என்றால் நேர்காணலில் நேரில் சொல்லுங்கள்.

எல்லா மாநிலமும் ஒன்று என்று நினைப்பது

வட கரோலினாவில் மாநில ஊழியர் சட்டம் விண்ணப்பதாரரின் கோப்பையும் ரகசியப் பட்டியலில் வைத்திருக்கிறது. பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் பெயரளவில் மாநிலத்தோடு சேர்ந்தது என்றாலும் 2008-ன் தகவல் உரிமைச் சட்டம் அதைப் பெரும்பாலும் தொடாது. டென்னஸியில் அந்த மாநிலத்துக் குடிமக்கள்தான் கேட்கலாம். ஆனால் உள்ளூர் நிருபர் டென்னஸிக்காரர்தானே. நோட்ர டேம், ஸ்டான்ஃபோர்ட், வாண்டர்பில்ட் எல்லாம் தனியார் பல்கலைக்கழகங்கள். அங்கே இந்தக் கதவே இல்லை.

ஜார்ஜியாவை மட்டும் தனியாகச் சொல்கிறேன். மற்ற அரசு அலுவலகங்கள் மூன்று வேலை நாட்களில் பதில் சொல்ல வேண்டும். 2016-ல் வந்த திருத்தம், பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளுக்கு 90 வேலை நாட்கள் கொடுத்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்திருந்த கோச் கர்பி ஸ்மார்ட்டின் பெயரால்தான் ஊரில் அந்தச் சட்டத்தைக் கூப்பிட்டார்கள். 90 நாள் அவகாசம் என்றால் அவ்வளவு நாள் தள்ளிப்போகலாம் என்று அர்த்தம். வெளியே வராது என்று அர்த்தமில்லை.

ஃப்ளோரிடா 2022-ல் விண்ணப்பதாரர் பெயரை மறைக்கச் சட்டம் போட்டுவிட்டதே என்று சிலர் என்னிடம் வாதாடுகிறார்கள். அது பல்கலைக்கழகத் தலைவர் பதவிக்கு மட்டும். அதிலும் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் விவரம், நேர்காணலுக்கோ இறுதி முடிவுக்கோ 21 நாள் முன்னதாக வெளியே வரும். கோச்சுக்கு அந்தக் குடை இல்லை.

பெரிய கோச்சுகளைப் பார்த்து அதே வழியில் போவது

பெரிய கோச் யாரும் விண்ணப்பம் போடுவதில்லை. ஏஜென்ட் பேசுவார். பல்கலைக்கழகம் ஆள் தேடித் தருகிற ஒரு தேடல் நிறுவனத்துக்குப் பணம் கட்டும், நிறுவனம் போனில் பேசும், காகிதம் எதுவும் பிறக்காது. பெயர் வெளியே வந்தால், ‘நான் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கவே இல்லை’ என்று அவர் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்கும். உங்களுக்கும் எனக்கும் ஏஜென்ட் கிடையாது. நாம் போர்ட்டலில் போய் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

தேடல் நிறுவனம் கையில் கொடுத்தால் பத்திரம் என்பதும் முழு உண்மையில்லை. ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 1980-ல், ஜாக்சன்வில் மின்வாரியத்துக்கு மேலாளர் தேடிய ஆலோசகரின் கைக்குறிப்புகள் பொது ஆவணம் ஆகா என்றது. அவை வெறும் நினைவுக் குறிப்புகள், யாருக்கும் தெரிவிப்பதற்காக எழுதியவை இல்லை என்பது காரணம். விண்ணப்பித்தவரின் அந்தரங்க உரிமை என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997-ல், சின்சினாட்டி நகரப் பாதுகாப்பு இயக்குநர் வேலைக்கு வந்த ரெஸ்யூமேக்கள் தனியார் நிறுவனத்தின் அலமாரியில் இருந்தாலும் பொது ஆவணமே என்று தீர்ப்பளித்தது. கோச் வேலையைப் பற்றிய வழக்குகள் இல்லைதான். ஆனால் ஆள் தேடுகிற முறை ஒன்றுதான். நிறுவனத்துக்காரர் தன் நோட்டில் கிறுக்கியது வேறு, நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமே வேறு.

பெரிய இடத்துக்காரர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். 2003 நவம்பரில் அலபாமாவுடன் ஆட்டம் இரண்டு நாளில் இருக்கும்போது, ஆபர்ன் பல்கலைக்கழகத் தலைவரும் அத்லெடிக் டைரக்டரும் (விளையாட்டுத் துறைத் தலைவர்), பதவியில் இருந்த கோச் டாமி டுபர்வில்லுக்குத் தெரியாமல், லூயிவில் கோச் பாபி பெட்ரினோவைச் சந்திக்கத் தனி விமானத்தில் பறந்தார்கள். லூயிவில்லில் இறங்கினால் கண்ணில் படும் என்று ஆற்றுக்கு அக்கரையில் இண்டியானா பக்கம் ஒரு சிறு விமான நிலையத்தில் இறங்கினார்கள். அப்படியும் செய்தி வெளியே வந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஜனவரியில் பதவி விலகினார். டுபர்வில் அங்கேயே இருந்து, அடுத்த சீசனில் 13 ஆட்டங்களையும் வென்றார்.

ரெஸ்யூமேயில் கூட்டிச் சொல்வது

ஜார்ஜ் ஓலியரி, 2001 டிசம்பர், நோட்ர டேமின் புது ஹெட் கோச். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துக்கு ஆடியதாகவும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றதாகவும் அவருடைய குறிப்பில் இருந்தது. இரண்டும் உண்மையில்லை. தனியார் பல்கலைக்கழகம்தான், விண்ணப்பத்தை யாரும் கேட்டு வாங்கவில்லை. ‘நம் ஊரில் ஆடியவர் நோட்ர டேமுக்குப் போகிறார்’ என்று பெருமையாக எழுதலாம் என்றுதான் நியூ ஹாம்ப்ஷயர் நிருபர் ஒருவர் பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார். யாருக்கும் ஓலியரி ஆடியது நினைவில் இல்லை. வேலையில் சேர்ந்து ஐந்தாம் நாள் அவர் விலகினார். பொய் போட்டது எத்தனையோ வருடத்துக்கு முன்னால், இளம் வயதில்.

அலுவலக போனில் வேலை தேடுவது

மிசிசிப்பி பல்கலைக்கழக ஹெட் கோச் ஹ்யூ ஃப்ரீஸ் 2017 ஜூலையில் விலகியது அலுவலக செல்போனின் கால் பட்டியலால். முன்னாள் கோச் ஹூஸ்டன் நட்டின் வழக்கறிஞர், ஃப்ரீஸ் எந்த நிருபர்களிடம் பேசினார் என்று பார்க்கத்தான் அந்தப் பட்டியலைக் கேட்டார். கண்ணில் பட்டது, பாலியல் சேவை விளம்பரத்தில் இருந்த ஒரு எண்ணுக்குப் போன ஒரு நிமிட அழைப்பு. அதே வருடம் டென்னஸி பல்கலைக்கழகத்தில் கிரெக் ஷியானோவைக் கோச்சாக எடுக்கப்போய் ரசிகர்கள் கொதித்து, அத்லெடிக் டைரக்டர் ஜான் கரி பதவி இழந்தார். பிறகு அந்த நாட்களில் அவர் அனுப்பிய, அவருக்கு வந்த குறுஞ்செய்திகளை எல்லாம் பத்திரிகைகள் வாங்கிப் போட்டன.

நீங்கள் அரசுக் கல்லூரியில் இருந்தால் சொந்த போன், சொந்த மின்னஞ்சல். அலுவலக லேப்டாப்பில் ரெஸ்யூமேயைத் திறக்கக்கூட வேண்டாம்.

சொல்லாமல் பரிந்துரையாளர் பெயரைப் போடுவது

அவருடைய செல் நம்பரும் சேர்ந்துதான் வெளியே போகும். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வாபஸ் வாங்கினால் போய்விடும் என்று நம்புவது

போகாது.

ஹெட் கோச்சிடம் கடைசியில் சொல்வது

என் ஹெட் கோச்சை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம். அவரிடம் போய், ‘அங்கே ஒரு இடம் இருக்கிறது, முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்’ என்று முதலில் சொல்லியிருந்தால் அவர் தடுத்திருக்க மாட்டார். இந்தத் தொழிலில் எல்லோரும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெட்டி கட்டுகிறவர்கள்தான். வேறு வேலை தேடுவதை யாரும் துரோகமாக எடுத்துக்கொள்வதில்லை. பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் அவர்களைச் சுடுகிறது. பள்ளி மாணவர்களின் வீடு வீடாகப் போய் ‘எங்கள் குழு கட்டுக்கோப்பாக இருக்கிறது’ என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும் வாரத்தில் உங்கள் பெயர் வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர். பொத்தானை அழுத்துவதற்கு முந்தின நாளே சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அந்தத் தம்பியிடம் அன்றைக்கு நான் கடிதத்தை அனுப்பச் சொல்லி போனிலேயே படித்தேன். ஒரு வரியிலும் யாரையும் குறை சொல்லவில்லை. “சரி, இறங்கு. அவர் ஆரம்பிக்கும் முன்னால் நீயே சொல்லிடு. மன்னிப்பு கேளு, காரணம் சொல்லாதே” என்றேன். மத்தியானம் மறுபடியும் கூப்பிட்டான். ஹெட் கோச் கதவைச் சாத்தச் சொல்லி, கால் மணி நேரம் கடுமையாகவே பேசினாராம். அப்புறம் கவர் லெட்டரை எடுத்து, ரிசீவர்களை, அதாவது வீசப்படும் பந்தைப் பிடிக்கிற ஆட்டக்காரர்களைப் பற்றி அவன் எழுதியிருந்த பத்தியைக் காட்டி, “இதை ஏன் நம் கூட்டத்தில் நீ சொன்னதே இல்லை?” என்று கேட்டாராம். விண்ணப்பித்த வேலை வேறொருவருக்குப் போனது. அவன் இன்னும் பழைய இடத்தில்தான் இருக்கிறான். வசந்தகாலப் பயிற்சியில் ரிசீவர்களைக் காலையில் ஒரு மணி நேரம் அவனிடம் விடுகிறார்கள்.