செகண்ட் ஹேண்ட் பிக்கப்: எங்கே சறுக்குகிறோம்?

பழைய பொலேரோ பிக்கப்போ தோஸ்த்தோ பார்க்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" காருக்கு அது சரி. சரக்கு வண்டிக்கு, "என்ன லோடு அடிச்சுது?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியை ஏற்றி நெடுஞ்சாலையில் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியும், குவாரியில் ஜல்லி அடித்தே 60,000 ஓடிய வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நான் காய்கறி வண்டியைத்தான் எடுப்பேன். மீட்டரைத் திருப்பி வைக்க ஆள் இருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

விற்கிறவர் மறைத்தாலும் லோடு விவரத்தை வண்டி காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக இருந்தால், அளவுக்கு மீறி ஏற்றுவதற்காகச் சேர்த்ததுதான். பட்டையைச் சேர்க்கலாம், சேஸியையும் (வண்டியின் அடிச்சட்டம்) பிரேக்கையும் அப்படிச் சேர்க்க முடியாது. கேபினுக்குப் பின்புறமும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலும் டார்ச் அடித்து, விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் மின்னினால் இன்னும் கொஞ்சம் நேரம் குனிந்தே இருங்கள். கடலோர ஊர்களில் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். வாசனையைப் பெயின்ட் மறைத்துவிடும். ஆனால் சேஸியைச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் துரு செதில் செதிலாக உதிரும்.

நாம் போவதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இழுத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆவதும் முதல் புகையும் ஆறிய இன்ஜினில்தான் தெரியும். அப்புறம், இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று அடிக்கிறதா? மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்பது இதைத்தான். இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. சைலன்சரில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். மாற்றச் செலவு அதிகம் என்று சிலர் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். டெயில் பைப்புக்குள் விரலை விட்டு எடுங்கள். கன்னங்கரேல் என்று ஒட்டினால் ஃபில்டர் இல்லை, அல்லது உடைந்திருக்கிறது.

காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு "சூப்பர்" என்பது பிக்கப் விஷயத்தில் பிரயோஜனமில்லாத வேலை. மணல் மூட்டைகளோ சிமென்ட்டோ ஏற்றி, ஒரு மேம்பாலத்தில் பாதியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். கிளட்ச் வழுக்கினால் அங்கே தெரிந்துவிடும்.

நான் ஏமாந்தது இது எதிலும் இல்லை, பேப்பரில். கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றம் நிதானமாகப் பண்ணலாம் என்று இருந்துவிட்டேன். சில மாதம் கழித்துப் போனால், ஆர்சியில் பழைய கடன் அப்படியே நிற்கிறது, விற்றவர் போனை எடுக்கவில்லை. கடன் முடிந்திருந்தால் ஃபைனான்ஸ்காரரின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியில் கடனை நீக்கும் 35-ம் படிவமும் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு கிளெய்ம் கேட்கும்போது தகராறு வரும். வேறு மாநில வண்டி என்றால் அந்த ஆர்டிஓவின் என்ஓசி தனி. நிலுவை அபராதங்களை அரசின் பரிவாகன் தளத்திலேயே பார்த்துவிடலாம்.

எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) தேதியையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடாவருடம். எட்டைத் தொடப்போகும் வண்டியை, எஃப்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போது தள்ளிவிடப் பார்ப்பார்கள். டிங்கரிங், பெயின்ட், டயர், பிரேக் வேலையெல்லாம் அந்த ஒரு மாதத்துக்குள் உங்கள் தலையில் வந்து விழும்.