வீட்டிலேயே ஷூ பாலிஷ்: ஆம்பூர் பினிஷிங் மேசையில் கற்றுக்கொண்டது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 11 வருடம் பினிஷிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். தைத்து, சோல் ஒட்டி, லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சிலிருந்து கழற்றிய ஷூ கடைசியாக எங்கள் மேசைக்குத்தான் வரும். பசைக் கறையை எடுத்து, க்ரீம் தடவி, பிரஷ் போட்டு, உள்ளே டிஷ்யூ காகிதம் திணித்து டப்பாவில் அடுக்குவோம். கல்யாணமாகி சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போது என் கையில் இருப்பது இரண்டே ஜோடி: கணவரின் கறுப்பு, தம்பியின் பிரவுன். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவற்றுக்கு முக்கால் மணி நேரம் கொடுக்கிறேன். கறுப்பு ஜோடிக்கு இது ஏழாவது வருடம்.

முதலில் உங்கள் ஷூ என்ன தோல் என்று தெரிந்துகொள்ளுங்கள். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பகுதியில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சற்று நேரத்தில் அந்த இடம் கறுத்து நீரை இழுத்தால் க்ரீமும் உள்ளே இறங்கும். சொட்டு அப்படியே முத்தாக நின்றால் மேலே கனமான பூச்சு இருக்கிறது, அல்லது அது ரெக்சின். ரெக்சினுக்கு ஈரத்துணி போதும். க்ரீமை வீணாக்க வேண்டாம். மேலே மெத்தென்று பூமுடி போல இருக்கும் ஸ்வீடு தோலுக்கும் கண்ணாடி மாதிரி மின்னும் பேட்டன்ட் தோலுக்கும் நான் கீழே சொல்லும் எதுவும் பொருந்தாது.

தேவையானவை: குதிரை முடி பிரஷ் இரண்டு, பழைய பனியன் துணி, ஷூ க்ரீம், டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ். ஒரு பிரஷ் தூசி தட்ட, இன்னொன்று பளபளப்புக்கு. கறுப்புக்குப் பயன்படுத்திய பிரஷ்ஷைப் பிரவுன் ஷூவில் போடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கறுப்பு அதன் முடியை விட்டு முழுசாகப் போகாது.

லேஸை உருவிவிடுங்கள். அது இருக்கும்போது நாக்குப் பகுதியைத் துடைக்கவே முடியாது. பிறகு பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அப்பர் என்கிற மேல்தோலும் சோலும் சேரும் அந்தக் குறுகிய பள்ளத்தில் மண் உட்கார்ந்திருக்கும். அங்கே பழைய டூத் பிரஷ்தான் சரி. தூசியோடு பாலிஷ் தடவினால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். அடுத்து, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, கால் மணி நேரம் மின்விசிறியில் விடுங்கள்.

இப்போது க்ரீம். டேனரியில் தோலைப் பதனிட்ட பிறகு, பெரிய மரப் பீப்பாயில் சுழற்றி எண்ணெய் ஏற்றுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இருப்பதற்கு அந்த எண்ணெய்தான் காரணம். போட்டு நடக்க நடக்க, வெயிலிலும் வியர்வையிலும் அது குறைந்துகொண்டே வரும். க்ரீம் அதைக் கொஞ்சம் திருப்பித் தருகிறது. ஒரு காலுக்கு ஒரு பட்டாணி அளவு போதும். மடிப்பு விழும் இடத்தில் சற்றுக் கூடுதலாகத் தேயுங்கள். 15 நிமிடம் ஊறவிட்டு பிரஷ் போடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது தோலைத் திட்டுத்திட்டாகக் கறுக்க வைக்கும், தூசியை இழுக்கும், மேலே மெழுகைப் பிடிக்க விடாது.

மெழுகுதான் பலரும் தவறு செய்யும் இடம். டப்பா பாலிஷில் இருப்பது தேன்மெழுகு, பிரேசில் பனை ஓலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு போன்றவை. அவற்றை இளக்கி வைத்திருப்பது டர்பன்டைன் மாதிரி ஒரு கரைப்பான். கரைப்பான் பறந்து போனபிறகுதான் மெழுகு இறுகும். ஆகவே தடவிய உடனே தேய்த்தால் போட்டது முழுவதும் துணியோடு வந்துவிடும். பனியன் துணியை இரண்டு விரலில் இறுக்கிச் சுற்றி, டப்பாவை லேசாகத் தொட்டு எடுங்கள். துணியில் நிறம் தெரிந்தால் போதும், கட்டியாக வரக்கூடாது. சின்னச் சின்ன வட்டமாகத் தடவி 10 நிமிடம் விடுங்கள். ஈர மினுமினுப்பு போய், கண்ணாடியில் மூச்சு விட்டது போல மங்கும். அப்போது பிரஷ்ஷை எடுங்கள். அழுத்த வேண்டாம், வேகமாக, நீளமாக, ஒரு காலுக்கு இரண்டு நிமிடம். உரசும் சூட்டில் மெழுகு லேசாக இளகிச் சமனாகும். பளபளப்பு அங்கேதான் வருகிறது. பளபளப்பு வரவில்லை என்று இன்னொரு விரல் பாலிஷ் அள்ளாதீர்கள், இன்னொரு நிமிடம் பிரஷ் போடுங்கள்.

ஷூவின் முனை முகம் பார்க்கிற அளவுக்கு மின்ன வேண்டுமென்றால், அந்த இடத்தில் மட்டும் மெழுகும் ஒரு சொட்டுத் தண்ணீருமாக ஐந்தாறு மெல்லிய அடுக்கு போடலாம். முனையிலும் குதிகாலிலும் தோலுக்குள் விறைப்பான அட்டை வைத்துத் தைத்திருப்பதால் அவை மடங்காது. விரல் மடங்கும் நடுப்பகுதியில் அப்படி ஏற்றினால் ஒரே நாளில் வெடித்து வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். ஸ்பாஞ்ச் வைத்த பாட்டில் திரவமும் எனக்குப் பிடிக்காது. அது தோலின் மேல் ஒரு படலமாகக் காய்கிறது. வாரா வாரம் படலத்தின் மேல் படலம் ஏறி, கடைசியில் செதிலாக உரியும்.

மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நவம்பரில் தம்பியின் பழைய ஷூ முழங்கால் தண்ணீரில் நனைந்துவிட்டது. மறுநாள் இன்டர்வியூ என்று அவன் அதை கேஸ் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைத்திருக்கிறான். காலையில் நான் கையில் எடுத்தபோது அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மடிக்கும் இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வேகமாகச் சூடேறும்போது நீர் போய், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. அப்படி வெடித்ததை எந்தக் க்ரீமாலும் ஒட்ட வைக்க முடியாது. அந்த ஜோடியைத் தூக்கிப் போட எனக்கு மனசே வரவில்லை.

நனைந்தால் செய்ய வேண்டியது இதுதான். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சோலுக்கும் காற்று படும்படி பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வெயில், அடுப்பு, ஹேர் டிரையர், ஃபிரிட்ஜின் பின்புறம் எதுவும் வேண்டாம். இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். காய்ந்ததும் க்ரீம்.

பூஞ்சை பிடித்திருந்தால் பால்கனிக்கு எடுத்துப்போய்த் துடையுங்கள். வீட்டுக்குள் தட்டினால் மற்றதிலும் பரவும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். பாலிதீன் கவரில் கட்டி வைக்காதீர்கள், துணிப்பை போதும். தினமும் ஒரே ஜோடியைப் போடாமல் ஒருநாள் விட்டுப் போட்டால் உள்ளே வியர்வை காயும்.

அப்புறம், கல்யாணத்துக்கு வாங்கி டப்பாவிலேயே வைத்திருக்கும் ஷூ. பியூ, அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை சோலாக இருந்தால் போடாமலே வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் சில வருடங்களில் உதிர ஆரம்பிக்கும். மேல்தோல் புதுசாகவே இருக்கும், மண்டபத்தில் நாலு அடி நடந்தால் சோல் துண்டு துண்டாக வரும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, சோலைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடிந்தாலோ சோல் மாற்றக் கொடுக்க நேரம் இருக்கும்.