சிறு ஹேட்ச்பேக்கில் பெரிய இன்ஜின்: வீட்டிலேயே மாற்றிப் பொருத்தும் முறை

பழைய இன்ஜினைக் கழற்றி வெளியே எடுக்க எனக்கு ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. புதிய இன்ஜினைப் பொருத்தி வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர ஏழு மாதங்கள் பிடித்தன. அந்த ஏழு மாதங்களில் இன்ஜினில் கைவைத்த நாட்கள் மிகக் குறைவு. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், ஆக்சில், வயரிங், ரேடியேட்டர், பிரேக் என்று அதைச் சுற்றியுள்ளவற்றிலேயே பொழுது கழிந்தது. முதன்முறை இவ்வேலையில் இறங்குபவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு திட்டமிட வேண்டும் என்பதற்காக, வேலை நடக்கும் வரிசையிலேயே இவ்விளக்கத்தை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, 1992 முதல் 1995 வரை வந்த ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக்கையும், 2001இல் வெளியான இன்டெக்ரா டைப் ஆரின் கே20ஏ இன்ஜினையும் எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்தச் சிறு காரில் சாதாரணமாக இருந்தது சுமார் 100 குதிரைத்திறன் தரும் 1.5 லிட்டர் இன்ஜின். கே20ஏ 1,998 சிசி கொள்ளளவில், நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் 220 குதிரைத்திறன் தருவது. வேறு வண்டியும் வேறு இன்ஜினும் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதுவேதான். அளவுகள் மட்டும் மாறும்.

இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால் அப்படியே பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். சிவிக்கின் டி வகை இன்ஜின், டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கே வகை முள்ளின் திசையிலேயே சுழலும். ஆகவே பழையதில் கியர்பாக்ஸ் இருந்த பக்கத்தில் புதியதன் டைமிங் செயின் வந்து நிற்கும். முன்னால் இருந்த, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பின்புறத் தடுப்புச் சுவரை நோக்கித் திரும்பிவிடும். மவுண்ட், ஆக்சில், கியர் இணைப்பு, எக்ஸாஸ்ட் ஆகிய எதுவும் பழையபடி பயன்படாது என்பது இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே விளங்கும்.

முதற்படி: ஸ்பேனரை எடுக்கும் முன்

இன்ஜினை மாற்றினால் வண்டியின் பதிவு ஆவணத்தில் உள்ள இன்ஜின் எண், கொள்ளளவு, சில இடங்களில் புகை அளவு வகை ஆகியவையும் மாற வேண்டியிருக்கும். பதிவு அலுவலகத்தின் விதியையும் காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனையையும் எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணம் செலவழிக்கத் தொடங்க வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் வேலை முடிந்தபின் கேட்டால் பதில் ‘இல்லை’ என்று வரக்கூடும்.

இரண்டாம் படி: இன்ஜினை வாங்குதல்

இன்ஜினை மட்டும் தனியாக வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கியர்பாக்ஸ், இடைத்தண்டோடு கூடிய ஆக்சில்கள், கியர் லீவர் பெட்டியும் கேபிள்களும், இன்ஜின் வயரிங் முழுவதும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, அதற்குரிய சாவி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஹோஸ்களின் வெட்டப்படாத முனைகள் என்று ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழுத் தொகுதியாக வாங்க வேண்டும். விலை கூடுதலாகத் தோன்றும். ஒவ்வொரு சென்சாரையும் ஒவ்வொரு பிராக்கெட்டையும் பின்னால் தனித்தனியே தேடி வாங்கியவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை மலிவு என்பது தெரியும்.

வாங்கும் முன், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து பார்க்க வேண்டும். எண்கள் உயர்ந்திருப்பதைவிட நான்கு சிலிண்டர்களும் ஒத்திருப்பது முக்கியம். அவற்றிடையே பத்துச் சதவீதத்துக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் அந்த இன்ஜினை விட்டுவிடலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே கரிக்கசடு படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே பின்புற ஆயில் சீல், கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றிவிடுவது நல்லது. வண்டிக்குள் போனபின் அவற்றை எட்டுவது பெரும்பாடு.

அதே கே வகையில் 2.4 லிட்டர் கொண்ட கே24 இன்ஜினுக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சொல்: அதன் பிளாக் கே20ஐவிட ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரம். சிறு காரின் பானட்டுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் என்பது சிறிய அளவன்று.

மூன்றாம் படி: பழையதைக் கழற்றுதல்

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது முதல் வேலை. பியூவல் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, அது தானாக அணையும்போது பைப்பில் உள்ள பெட்ரோல் அழுத்தம் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஏசி வாயுவைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. அதற்குரிய இயந்திரம் உள்ளவரிடம் கொடுத்து முன்கூட்டியே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் படம் பிடித்து, ஒட்டுத்தாளில் பெயரெழுதி ஒட்டிவிட வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றிய பொருளிலேயே இரண்டு திருப்பு திருப்பி வைத்துவிடுவது என் வழக்கம். பைகளில் போட்டுவைத்தவை எப்போதும் ஒன்றிரண்டு குறையும்.

கியர்பாக்ஸோடு சேர்ந்த இன்ஜின் 200 கிலோவை நெருங்கும். மடக்கு கிரேனில் ‘ஒரு டன்’ என்று எழுதியிருந்தாலும் அது கையைக் குறுக்கி வைத்திருக்கும்போது தாங்கும் எடை; கையை முழுவதும் நீட்டினால் அதில் ஒரு பங்குதான் தாங்கும். வண்டியை ஜாக்கின் மீது நிற்கவிடாமல் ஸ்டாண்டுகளின் மீது நிறுத்த வேண்டும். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ ஒருபோதும் போகக் கூடாது.

நான்காம் படி: ஒத்திகையாக ஒருமுறை உள்ளே வைத்துப் பார்த்தல்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வெறுமையாக, வயரோ ஹோஸோ இல்லாமல், இந்த மாற்றத்துக்கென்றே செய்யப்பட்ட மவுண்ட்டுகளில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். வெல்டிங்கில் நல்ல கைப்பழக்கம் இல்லாதவர்கள் மவுண்ட்டைத் தாமே செய்ய முனைய வேண்டாம். இன்ஜின் ஒரு டிகிரி சாய்ந்து உட்கார்ந்தாலும் அதன் விளைவை ஆக்சில் தாங்க வேண்டியிருக்கும்.

பானட்டுக்கும் இன்ஜின் மூடிக்கும் இடையே உள்ள இடைவெளியை எப்படி அளப்பது என்று பலர் திணறுகிறார்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, இன்ஜின் மூடியின் உயரமான மூன்று இடங்களில் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, பானட்டை மெல்ல மூடித் திறந்தேன். நசுங்கிய களிமண்ணின் தடிமனே இடைவெளி. ஒரு மூலையில் அது 8 மி.மீ. மட்டுமே இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் மவுண்ட்டின் ரப்பர் புஷ்களின் மீது ஆடும் என்பதால் 8 மி.மீ. போதாது, 15 மி.மீ. கிடைக்கும்வரை மவுண்ட்டைத் தாழ்த்த வேண்டியிருந்தது. இதே கவனம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்டுக்கும் ஸ்டியரிங் ரேக்குக்கும் இடையேயும் தேவை.

மவுண்ட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டு, கிரேனின் சங்கிலியைத் தளர்த்தி, முழு எடையும் மவுண்ட்டுகளின் மீது இறங்கியபின் இன்ஜினை இரண்டு கைகளாலும் முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, அது தானாக அமர்ந்த இடத்திலேயே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புஷ்கள் முறுக்கிய நிலையிலேயே நின்று, ஐடிலில் ஸ்டியரிங் முதல் கண்ணாடி வரை நடுங்கும்.

ஐந்தாம் படி: ஆக்சில்

கே வகையில், கியர்பாக்ஸிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்துக்கு ஓர் இடைத்தண்டு பிளாக்கின் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கும். இரு ஆக்சில்களும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. நீளம் வேறுபட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஸ்டியரிங் ஒருபக்கமாக இழுக்கும். ஆகவே அதைத் தவிர்த்துவிட்டு நீளமான ஒற்றை ஆக்சில் போடும் குறுக்குவழி வேண்டாம்.

நீளத்தைச் சரிபார்க்கும்போது சக்கரம் தொங்கும் நிலையில் மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கீழ் ஆர்மை ஜாக்கால் அடிநிலையிலிருந்து உச்சிவரை சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலைக் கையால் உள்ளும் புறமும் தள்ளிப் பார்க்க வேண்டும். எல்லா நிலையிலும் இரு திசையிலும் சில மில்லிமீட்டர் அசைவு மிஞ்ச வேண்டும். ஓரிடத்தில் முட்டினாலும், பள்ளத்தில் சக்கரம் இறங்கும் நாளில் கியர்பாக்ஸின் பேரிங் அடிவாங்கும்.

உள்முனையைச் செருகும்போது வளையக் கிளிப் ‘டக்’ என்று விழும் ஓசை கேட்க வேண்டும். பின்னர் ஜாயிண்ட்டின் உடலைப் பிடித்து இழுத்து உறுதிசெய்ய வேண்டும்; தண்டைப் பிடித்து இழுத்தால் ஜாயிண்ட் உள்ளேயே பிரிந்துவிடும். நான் ஓசை கேட்டதாக எண்ணிக்கொண்டு மேலே போனேன். கியர் ஆயில் ஊற்றிய மறுநாள் காலை அது முழுவதும் தரையில் கிடந்தது.

ஆறாம் படி: கியர், கிளட்ச், பெட்ரோல், குளிர்விப்பு

சிவிக்கின் பழைய கியர் இணைப்பு கம்பியால் ஆனது. கே வகைக்கு இரண்டு கேபிள்கள். கியர் லீவர் பெட்டியை உட்தரையில் பொருத்த, கேபிள் நுழைய ஒரு துளையிட வேண்டும். துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் போட மறந்தால் தகடு கேபிளை அறுத்துவிடும். கிளட்ச் இரண்டிலும் ஹைட்ராலிக் என்பதால் அங்கே பைப்பை இணைத்துக் காற்று எடுப்பதோடு வேலை முடிகிறது.

பெட்ரோல் அழுத்தம் புதிய இன்ஜினின் தேவைக்கேற்ப அமைய, சரிசெய்யத்தக்க ரெகுலேட்டரும் அளவுமானியும் வேண்டும். பைப்புகள் எக்ஸாஸ்டிலிருந்து விலகியே செல்ல வேண்டும்.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலண்ட் வழியாகவே வெளியேறுகிறது. இருமடங்கு திறன் தரும் இன்ஜினுக்குப் பழைய மெல்லிய ரேடியேட்டர் தாங்காது. அகலம் கூட்ட இடமில்லையென்றால் தடிமன் கூடியதைப் போட வேண்டும். மின்விசிறிக்குத் தனி ரிலே கட்டாயம்.

ஏழாம் படி: வயரிங்

புதியவர்கள் அஞ்சுவது இங்கேதான். உண்மையில் இன்ஜின் வயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. அது ஈசியூவையும் இன்ஜினையும் தனக்குள்ளேயே இணைத்துக்கொள்கிறது. வண்டியோடு அது சேரும் வயர்கள் சுமார் ஒரு டஜன்தான்: நிலையான மின்சாரம், சாவி வழி மின்சாரம், ஸ்டார்ட்டர், பியூவல் பம்ப் ரிலே, விசிறி, ஆயில் விளக்கு, சார்ஜ் விளக்கு, வெப்பமானி, வேகமானி, சுழற்சிமானி, எர்த். இரு வண்டிகளின் வயரிங் படங்களையும் அருகருகே விரித்து, நோட்டில் ஒரு வரிக்கு ஒரு வயர் என்று நிறத்தோடு எழுதிக்கொண்டு, இணைத்ததை அடித்துவிட்டுச் செல்ல வேண்டும்.

சாவி வழி மின்சாரத்தை எடுக்கும் வயரில் ஒரு சூட்சுமம் உள்ளது. சாவியை ‘ஸ்டார்ட்’ நிலைக்குத் திருப்பும்போது சில வயர்களில் மின்சாரம் நின்றுவிடும். அப்படிப்பட்ட வயரிலிருந்து ஈசியூவுக்குக் கொடுத்தால், இன்ஜின் சுற்றும், பற்றாது, சாவியை விட்ட கணத்தில் மட்டும் ஒரு முறை உறுமும். இரு நிலைகளிலும் 12 வோல்ட் இருப்பதை மல்டிமீட்டரால் பார்த்தபின் இணைக்க வேண்டும்.

திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள ஈசியூ, தன் சாவியைக் காணாமல் பெட்ரோலை விடாது. இன்ஜின் வந்த வண்டியின் சாவியும் அதை உணரும் வளையமும் இருந்தால் அவற்றையே பொருத்தலாம். இல்லாவிட்டால் ஹோண்டாட்டா கே-ப்ரோ போன்ற மாற்றியமைத்த ஈசியூ வழியாக அதை நீக்கலாம்.

எர்த் வயரை நான் அலட்சியப்படுத்தினேன். முதன்முறை ஸ்டார்ட்டரை அழுத்தியபோது இன்ஜின் சோம்பலாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பானட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய புகை வந்தது. எரிந்துகொண்டிருந்தது ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை. இன்ஜினிலிருந்து பாடிக்குத் தடித்த எர்த் வயர் போட மறந்ததால், ஸ்டார்ட்டர் இழுத்த மின்னோட்டம் முழுவதும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. இப்போது என் வண்டியில் மூன்று எர்த் வயர்கள் உள்ளன. மூன்றும் பெயிண்ட் சுரண்டிய வெறுந்தகட்டில்.

எட்டாம் படி: பிரேக்

ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும், 60 கி.மீ. வேகத்தைவிட 120இல் பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம் நான்கு மடங்கு. எடை குறைந்த மாடல்களின் 240 மி.மீ. முன் டிஸ்க்கை அதே வரிசையின் உயர்ந்த மாடல்களில் வந்த 262 மி.மீ. டிஸ்க்காக, காலிப்பரோடு சேர்த்து மாற்றுவதே நான் ஏற்கும் குறைந்தபட்சம். இந்தச் செலவைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைப்பவர்களோடு நான் வண்டியில் ஏறுவதில்லை.

ஒன்பதாம் படி: முதல் உறுமல்

ஆயில், கியர் ஆயில், கூலண்ட் மூன்றையும் நிரப்பி, பியூவல் பம்ப் பியூஸை எடுத்துவிட்டு, பத்துப் பத்து வினாடிகளாக ஸ்டார்ட்டரை ஓட்ட வேண்டும்; ஆயில் விளக்கு அணைந்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் பியூஸைப் போட்டுச் சாவியை ‘ஆன்’ செய்தால் பம்ப் சுமார் இரண்டு வினாடி முனகி நிற்க வேண்டும். அந்நேரத்தில் பெட்ரோல் இணைப்புகள் அனைத்தையும் விரலால் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்று தெரிந்தால் மட்டுமே ஸ்டார்ட் செய்யலாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

ஓடத் தொடங்கியதும் ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்த நிலையில் குமிழிகள் நிற்கும்வரை கூலண்டை நிரப்ப வேண்டும். குமிழிகள் நின்றதும் மூடியைப் போட்டுவிட்டு, விசிறி தானாகச் சுழன்று தானாக நிற்பதை இரண்டு முறை கண்ணால் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

முதல் ஓட்டம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். திரும்பி வந்து இன்ஜின் ஆறியபின் மவுண்ட், ஆக்சில் நட்டு, எக்ஸாஸ்ட் போல்ட்டுகள் ஆகியவற்றை மீண்டும் டார்க் ரெஞ்சால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடுவரை வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த முறை ஸ்பேனரே தேவையில்லை. என் வண்டியில் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பார்த்தபோது பின் மவுண்ட்டின் கோடு மட்டும் முறிந்து விலகியிருந்தது. கால் திருப்பு இறுக்கி, புதிய கோடு போட்டேன்.